அப்பச்சியின் வாடை

புனே
24.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஞ்சனி எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் நலம் மீனாள் அண்ணமிண்டி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீங்களாக ஒரு வரி எழுதுவதில்லை. காலில் புண் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். உங்கள் மகள் சுபாவின் பிரசவத்துக்காகச் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார்களே தவிர, மனசெல்லாம் நெற்குப்பையில்தான். தரையில் ரத்தத் தடம் பார்த்து வேலைக்கு வரும் அக்கம்மாள் கேட்கும்வரை உங்களுக்கே தெரியாதாமே. நம் வீட்டில் சர்க்கரை வந்தால் முதலில் கால்தான் மரத்துப்போகிறது. ஆணி ஏறினாலும் தெரியாது.

இந்தப் பெட்டியில் இருப்பது நான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் வேலை. மதுரை டாக்டர் உங்களை இந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டதால்தான் அனுப்ப முடிகிறது. பார்க்க நுங்கைத் தட்டையாகச் சீவி வைத்தது போல இருக்கும். புண்ணின்மேல் வைத்தால் உடம்புச் சூட்டில் இளகி, குழிக்குள் படிந்துகொள்ளும். புண்ணைக் காயவிடாது. கிருமி பெருகினால் தானே உணர்ந்து மருந்தை விடும். நல்லபடியாக இருக்கும்வரை மஞ்சளாக இருக்கும். சீழ் பிடிக்கத் தொடங்கினால் பச்சையாகிவிடும். ஓரத்தில் நகக்கண் அளவில் ஒரு சில்லு இருக்கிறது. தினமும் காலையில் உங்கள் ஃபோனை அதன்மேல் காட்டுங்கள். புண்ணின் சூடும் ஈரமும் நிறமும் என் திரைக்கு வந்துவிடும்.

எதில் செய்தது என்று கேட்பீர்கள். மீன் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின். சந்தையில் விரால் கண்ணில் பட்டால் விடாத ஆள் நீங்கள். உள்ளே போகிற மீன் கொஞ்சம் வெளியிலும் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்காதீர்கள். வருஷா வருஷம் வெறுங்காலோடு குன்றக்குடியிலிருந்து பழனிவரை நடந்து நடந்துதான் நம்மைப் பெற்ற அப்பச்சியின் கால் போனது. இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். அப்பச்சி போன நாளில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு உங்களை ஃபோனில் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை. காகிதத்தில் கொஞ்சம் நல்லவளாக இருக்க முடிகிறது.

உங்கள் தங்கை,
சிவரஞ்சனி


சிவமயம்

நெற்குப்பை
9.12.2024

அன்புத் தங்கை ரஞ்சனிக்கு அண்ணன் ஏகப்பன் ஆசி கூறி எழுதுவது.

பெட்டி வந்தது. உள்ளே இருந்த ஐஸ்கூட முழுதாக உருகவில்லை. ஒட்டியாயிற்று. காலையில் காபி குடித்ததும் ஃபோனைக் காட்டிவிடுகிறேன். அது குருவி மாதிரி ஒருதரம் கத்தும். அதோடு சரி.

அக்கம்மாளுக்கும் காலில் இதே சங்கதிதான். எனக்குப் பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்னக் கீறல். அதுவும் மேலே தோல் மூடிக் காய்ந்தாற்போல் இருக்கிறது. அவளுக்குக் குதிகாலில் பெரிய குழி. பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வாசல் தெளிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று சத்தம் போட்டேன். "போனா வெட்டிப்புடுவாகய்யா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பச்சியை மதுரைக்குக் கொண்டுபோனதையும் கொண்டுவந்ததையும் பார்த்தவள் அவள். என்னத்தைச் சொல்வது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. தீபாவளி கழிந்ததிலிருந்து வீட்டில் அப்பச்சியின் வாடை வருகிறது. அவர் கடைசியில் படுத்திருந்தாரே, இரண்டாம் கட்டு அறை, அங்கேதான் முதலில் வந்தது. நாள்பட்ட பூவையும் ஈரச் சாக்கையும் ஒன்றாக மூட்டை கட்டி வைத்த மாதிரி. நீ அப்போது ஊரில் இல்லை, உனக்குத் தெரியாது. நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவன், எனக்கு மறக்குமா. எலி செத்துக் கிடக்கிறதோ என்று பெட்டி அலமாரியெல்லாம் நகர்த்திப் பார்த்தாயிற்று. அறையைக் கழுவிச் சாம்பிராணி போட்டேன். கொஞ்ச நேரம் போகிறது, மறுபடி வருகிறது.

கால் போன வருஷம் அவர் பழனிக்கு மாலை போட்டிருந்தார், நினைவிருக்கிறதா? மாலையைக் கழற்றாமலேதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நடை பாக்கி நிற்கிறது. அதைத்தான் கேட்கிறாரோ என்னவோ.

நீ வேளைக்குச் சாப்பிடு. சுபாவுக்குத் தை பிறந்ததும் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்,
ஏகப்பன்


புனே
22.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைவிட உங்கள் கால் எனக்கு நிறைய எழுதுகிறது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் திரையைத்தான் பார்க்கிறேன். மஞ்சள். சூடு இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு நாள் லேசாகப் பச்சை தட்டியது. மறுநாளே மருந்து விட்டு மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. இந்த ஆய்வில் இருக்கிற அத்தனை பேரிலும் உங்கள் கால்தான் முதலிடம். என் மேலதிகாரி உங்கள் பெயரைச் சொல்லப் பழகிவிட்டார். 'யேகப்பன்' என்கிறார்.

சின்னக் கீறல் என்று எழுதியிருக்கிறீர்கள். அளவுகளைப் பார்த்தால் அவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை. எனக்குப் பயம் வரக்கூடாது என்று குறைத்துச் சொல்கிறீர்கள். உங்களுக்கு எப்போதும் இதே வேலைதான்.

வாடையைப் பற்றி எழுதியதற்கு நான் சிரிக்கவில்லை. மூக்கில் ஏறிய வாடையை மூளை லேசில் விடாது. அந்த அறையில் அவரோடு அத்தனை மாதம் கிடந்தவர் நீங்கள். அவர் காலில் பட்ட மாதிரியே உங்கள் காலிலும் பட்டதும் பழைய பயம் கிளம்பியிருக்கிறது, வேறொன்றுமில்லை. அப்பச்சிக்கு உங்களிடம் கேட்க எதுவும் பாக்கி இல்லை. அறையை மாற்றிப் படுங்கள். அக்கம்மாளையும் மதுரைக்கு அழைத்துப் போங்கள், டாக்டரிடம் நான் சொல்கிறேன்.

நடக்கமாட்டேன் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இரண்டுதரம் தேடிவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

ரஞ்சனி


சிவமயம்

நெற்குப்பை
18.1.2025

அன்புத் தங்கை ரஞ்சனிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. சுபாவுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். மீனாள் இப்போதைக்கு வரமாட்டாள், பேத்தியை விட்டு நகர மனசு வராது. டாக்டரிடம் இன்னும் போகவில்லை. பொங்கல் கூட்டத்தில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மதுரைக்குப் போவதா? பூசம் கழியட்டும்.

அறையை மாற்றிப் படுத்தேன். வாடையும் கூடவே வந்துவிட்டது. முன்னெல்லாம் வீட்டோடு நின்றது, இப்போது வெளியிலும் வருகிறது. கல்லலில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன், அவளுக்கும் வந்திருக்கிறது. பிறகு கோவிலூரில், சந்நிதியில் கண்ணை மூடி நிற்கிறேன், திறந்தால் என்னைச் சுற்றி இடம் காலியாக இருக்கிறது. ஒட்டி நின்றவர்கள் தள்ளிப்போய் நிற்கிறார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஆத்தா. அப்பச்சி என்னோடுகூட நடந்து வருகிறார். ஊர் ஜனத்துக்கும் தெரிகிறது.

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றுகிறது. பயப்படாதே, உன் சில்லு தினமும் கத்தும். ஃபோன் வீட்டிலேயேதான் இருக்கும். கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் கோபிக்காதே.

அண்ணன்,
ஏகப்பன்


புனே
13.2.2025

அண்ணே,

காரைக்குடிக் கார்த்திக் நம் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் படம் போட்டிருக்கிறான். நத்தம் சாலை. தோளில் காவடி, கழுத்தில் மாலை, வெறுங்கால், இடது காலில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறீர்கள். துணி நனைந்து கறுத்திருக்கிறது.

நீங்கள் நடந்த அந்த நாட்களில் எனக்கு வந்த அளவுகள் முன்னால் இருக்கின்றன. ஒவ்வொரு காலையும் வந்திருக்கிறது. மஞ்சள். சூடு இல்லை. நடந்த கால் அல்ல அது. நிழலில் நீட்டி வைத்திருந்த கால். நீங்கள் என் பேச்சைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

நான் கார்த்திகையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கால் யாருடையது, அண்ணே?

நேற்று முழுக்க உங்கள் ஃபோனுக்கு அடித்தேன். கடைசியில் அக்கம்மாள் எடுத்தாள். "அய்யா படுத்திருக்காக. காச்சலு. எந்திரிக்கமாட்டேங்குறாக" என்றாள். அவள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அழுதாள். "ஆறிருச்சு ஆச்சி" என்றாள். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாடை என்று எழுதினீர்கள். பஸ்ஸில், சந்நிதியில் என்று ஒவ்வொன்றாக எழுதினீர்கள். புண் பார்க்கிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுதினேன். அண்ணே, அது அப்பச்சி இல்லை. உங்கள் கால். மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே அழுகியிருக்கிறது. மரத்த கால் என்பதால் உங்களுக்கு வலிக்கவில்லை, மூக்குக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கார்த்திக்குக்கு அனுப்பியிருக்கிறேன், அச்செடுத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து வருகிறான். நான் சொன்னால் கேட்பீர்களோ மாட்டீர்களோ, எழுதினால் படிப்பீர்கள். வாசலில் வண்டி நிற்கிறது. சட்டை மாற்ற வேண்டாம், எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏறுங்கள். நாளைக்கு நான் மதுரையில் இருப்பேன்.

ரஞ்சனி


சிவமயம்

நெற்குப்பை
20.3.2025

அன்புத் தங்கை ரஞ்சனிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். மீனாள் வந்திருக்கிறாள், பேத்தியை விட்டுவிட்டு வந்த கோபத்தையும் என்மேல் காட்டுகிறாள். முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியும், நீதான் நின்றாயே.

நீ வந்தது எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய், போர்வையை இழுத்துவிட்டாய். ஒரு நாளில்லை, தினமும் வந்தாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பச்சி போன அன்றைக்கு ஃபோனில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "நீங்க ஒழுங்காப் பாத்திருந்தா அப்பச்சி காலு போயிருக்குமா?" கண்ணைத் திறந்தால் அதையே என் காலுக்கும் சொல்வாய் என்று பயந்தேன். நீ சொல்லமாட்டாய் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். உன் பெட்டி வந்தபோது நான் கார்த்திகை முதல் தேதியே மாலை போட்டாயிற்று. வாடை தீபாவளியிலேயே தொடங்கிவிட்டது, அப்பச்சியின் நடையை முடித்துவிட்டால் போய்விடும் என்று நம்பினேன். மாலை போட்ட உடம்பில் மீன் தோலை எப்படி ஒட்டுவேன்? மற்ற மாதத்தில் என்றால் நீ சொன்ன மாதிரி உள்ளேயும் வெளியேயும் மீன்தான். விரதத்தில் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடுவதில்லை, அது உனக்குத் தெரியாததா. நான் மாலை போட்டது தெரிந்தால் நீ சண்டைக்கு வருவாய் என்று சொல்லவில்லை. நீயும் நடக்காதே என்று சொல்லிவிட்டதால், மாலை இருக்காது என்று நினைத்துக்கொண்டாய்.

ஒட்டாமல் விட்டால் காலையில் உனக்குச் சேதி வராது. சேதி வராவிட்டால் புறப்பட்டு வந்துவிடுவாய். அக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒட்டினேன். பூசம் முடிந்து மாலையைக் கழற்றியதும் எனக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். வலியே இல்லாத புண் அவ்வளவு அவசரப்படும் என்று யாருக்குத் தெரியும்.

அவள் கால் மூடிவிட்டது. செருப்புப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறாள், என் முன்னால் வருவதில்லை. மீனாள் காபி கொடுத்து அனுப்பினால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் கூப்பிட்டு, "உன் கால் நல்லாருக்கதுல எனக்குச் சந்தோசந்தான், ஆத்தா" என்றேன். பொய்யில்லை. ஆனால் அவள் நடக்கும் சத்தம் கேட்டால் எனக்கு எங்கோ இழுக்கிறது. இதை மீனாளிடம் சொல்ல முடியாது.

இன்னொன்றும் எழுதுகிறேன். வாடை போய்விட்டது. அறுத்த அன்றோடு போயிற்று, வீடு வெறும் வீடாக இருக்கிறது. ஆனால் கால் போகவில்லை. இருந்த வரைக்கும் மரக்கட்டையாகக் கிடந்தது, போன பிறகு உயிர் வந்துவிட்டது. நத்தம் சாலையின் ஜல்லி ஒவ்வொன்றும் இப்போது குத்துகிறது. அன்றைக்கு நடந்தபோது தெரியாத தார்ச் சூடு இப்போது சுடுகிறது. திண்டுக்கல் தாண்டி ஒரு முள் ஏறியிருக்கிறது போல, அதையும் நேற்றுதான் கண்டுபிடித்தேன். கையை நீட்டினால் போர்வைதான் இருக்கிறது. அப்பச்சியும் இப்படித்தான், இல்லாத காலைக் காட்டி "அரிக்குதுடா, சொறிஞ்சு விடு" என்பார். நானும் வெறும் மெத்தையைச் சொறிந்துவிடுவேன். "ம், அங்கதான்" என்பார். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உன் அண்ணமிண்டியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தையலின் ஒரு ஓரம் இன்னும் கூடவில்லை. டாக்டர் பேசும்போது முழங்காலுக்கு மேலே கையை வைத்துக்காட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ரஞ்சனி. இப்போது மாலை இல்லை, விரதம் இல்லை. மீன் தோலோ வேறெந்தத் தோலோ, அனுப்பு. இந்த முறை எனக்கே ஒட்டிக்கொள்கிறேன்.

அண்ணன்,
ஏகப்பன்


புனே
27.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

ஆய்வுக்குழுவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரில் இருந்த அளவுகளை எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் என் திரையில் ஒவ்வொரு காலையும் 'ஏகப்பன், இடது கால், புண் மூடியது' என்றே வந்துகொண்டிருந்தது. உங்களை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன காலையிலும் அதேதான் வந்தது. அக்கம்மாளை மதுரை டாக்டர் அவள் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். அவள் உங்கள் முன்னால் வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள், தானாக வருவாள்.

புதிய தாள்களை எடுத்துவைத்திருக்கிறேன். இவை மீன் தோலில் செய்தவை அல்ல. கடற்பாசி. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்துக் கடலில் எடுக்கிறார்களே, அதே பாசிதான். எந்த மாலைக்கும் எந்த விரதத்துக்கும் ஆகும். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், தையல் ஓரத்துக்கு இது போதும் என்றார், முழங்காலைக் காப்பாற்றிவிடலாம் என்றும் சொன்னார். காப்பாற்றிவிடலாம் என்று அவர் சொன்ன அதே வார்த்தையை எழுதியிருக்கிறேன், நான் சேர்க்கவில்லை.

இதற்கடுத்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். நேரில் வரும்போது உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. பாசியில் செய்த தாள் புதிதாக வந்ததில்லை. கார்த்திகையில் உங்களுக்குப் பெட்டி கட்டியபோதும் இருந்தது. இரண்டும் ஒரே குளிர்பெட்டியில், மேல்தட்டும் கீழ்த்தட்டும். வேலை செய்வதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மீன் தோல் தாளில் மஞ்சள் கொஞ்சம் பளிச்சென்று விழும், என் திரையில் பார்க்க நன்றாக இருக்கும் என்று மேல்தட்டில் கைவைத்தேன். மாலை போட்டிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கீழே குனிந்திருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை காரைக்குடியில் இறங்குகிறேன், கார்த்திக் வந்து கூட்டி வருகிறான். நீங்கள் ஒட்டிக்கொள்ள வேண்டாம், நான் ஒட்டுகிறேன். மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன். திட்ட வேண்டுமானால் வாய் வலிக்கிறவரை திட்டுங்கள், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். தூங்குகிற மாதிரி மட்டும் கிடக்காதீர்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
ரஞ்சனி